தோர்தோஞ் ஆற்றங்கரையில் சைக்கிள்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு நாள் வழி

பிரான்ஸில் சைக்கிள் என்றதும் எல்லோரும் ஆல்ப்ஸ் மலையைத்தான் பேசுகிறார்கள். புதிதாக ஓட்டுபவர்களுக்கு அது வேண்டாம். தென்மேற்கே, தோர்தோஞ் ஆறு வளைந்து வளைந்து ஓடும் பெரிகோர் நுவார் பகுதிக்குப் போங்கள். சுண்ணாம்புப் பாறை மேடுகள், வால்நட் தோப்புகள், பாறை விளிம்பில் கோட்டைகள், ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஓர் ஊர். மேடுகள் நீளமில்லை, ஆனால் ஒன்று முடிந்ததும் அடுத்தது வந்துவிடும். அதனால் இங்கே தூரத்தை வைத்துத் திட்டம் போட்டால் கணக்கு உதைக்கும். ஏற்றத்தையும் கடை திறந்திருக்கும் நேரத்தையும் வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

பஞ்சர் ஒட்டுவது, இருக்கை உயரம் சரிசெய்வது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. தளம்: சார்லா

போர்தோ நகரிலிருந்து சார்லா ஊருக்கு நேரடி வட்டார ரயில் இருக்கிறது. நிலையம் மேட்டில் இருப்பதால் ஊருக்குள் இறக்கம்தான். திரும்பும்போது அதே மேட்டுக்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். சார்லாவின் பழைய கல்வீடுகள் இன்று இப்படி நிற்பதற்கு 1962-இல் வந்த மால்ரோ சட்டம் முக்கியக் காரணம். பழைய நகரப் பகுதிகளை இடிக்காமல் மீட்டெடுக்க வழிசெய்த சட்டம் அது. புதன், சனிக்கிழமைகளில் சந்தை. அந்த நாட்களில் காலை எட்டு மணிக்குள் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுங்கள், இல்லாவிட்டால் பூண்டு மாலைகளுக்கும் கூடைகளுக்கும் நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கார்களும் சேர்ந்து படுத்தும்.

2. வாடகை சைக்கிள்: கிளம்பும் முன் பிரேக்கைப் பாருங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிற்கிறேன். நம் ஊர் சைக்கிளில் பெரும்பாலும் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு, இடக்கை பின்சக்கரத்துக்கு. பிரான்ஸில் நேர் எதிர்: இடக்கைதான் முன்சக்கரம். சமதளத்தில் இது தெரியாது. இறக்கத்தில், வளைவில், எதிரே டிராக்டர் வரும்போது கை பழைய பழக்கத்துக்குப் போகும். நாம் மெதுவாகப் பின்பிரேக் பிடிப்பதாக நினைத்து இடக்கையை இறுக்கினால் முன்சக்கரம் நின்று, பின்பக்கம் தூக்கும்.

கடை வாசலிலேயே சோதியுங்கள். சைக்கிளைப் பிடித்து நின்றபடி இடப்பக்கக் கைப்பிரேக்கை அழுத்தி முன்னே தள்ளுங்கள். எந்தச் சக்கரம் நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். பிறகு ஆளில்லாத தெருவில் பத்து நிமிடம், ஒவ்வொரு கையாகப் பிடித்து நிறுத்திப் பழகுங்கள். கம்பிகளை மாற்றிக் கட்டித் தரச் சொல்லலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அவசர நேரத்தில் கடைக்காரரிடம் அதைக் கேட்பதைவிட, கைக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது என்பது என் கட்சி.

கியரில் கஞ்சத்தனம் வேண்டாம். முன்னால் சிறிய பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது குறைந்தது 32 பல் என்று கேட்டு வாங்குங்கள். 34-க்கு 34 கிடைத்தால் இன்னும் நல்லது: பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, சுமார் இரண்டு மீட்டர் நகரும். ஏறும்போது அந்த இரண்டு மீட்டரின் அருமை தெரியும். டயர் 28 மில்லிமீட்டர் அகலம் போதும். பந்தயக்காரர் போலத் தோன்ற வேண்டுமென்று 23 கேட்காதீர்கள்.

3. வரைபடம்: காகிதமே மேல்

கைபேசிச் செயலிகள் எல்லாமே ஏதாவது ஒரு நேரத்தில் நம்மைக் காட்டுப்பாதையில் இறக்கிவிடும். சுருக்குவழி என்று அவை நினைப்பது மெல்லிய டயருக்குச் சரளைக்கல் தண்டனை. அதனால் மிஷ்லின் நிறுவனத்தின் 329-ஆம் எண் வரைபடத்தை வாங்கிச் சட்டைப் பின்பையில் வையுங்கள். கொரேஸ், தோர்தோஞ் இரண்டு மாவட்டங்களும் அதில் இருக்கின்றன. ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்.

அதைப் படிப்பதில் ஒரே ஒரு சூட்சுமம்தான். சாலைக் கோட்டின் மேல் சின்னச் சின்ன அம்புமுனைகள் இருக்கும். ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். அம்பு காட்டும் திசை ஏறும் திசை. போகிற வழியில் இரட்டை அம்பு எதிர்த்திசையில் இருந்தால் உங்களுக்கு அது இறக்கம். வட்டப்பாதையை வலமாகச் சுற்றுவதா இடமாகச் சுற்றுவதா என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம். நிறமும் முக்கியம்: சிவப்புச் சாலையைத் தவிருங்கள், மஞ்சளைப் பொறுத்துக்கொள்ளுங்கள், வெள்ளையைத் தேடிப் போங்கள். ஓரத்தில் பச்சைக்கோடு இருந்தால் காட்சி நன்றாக இருக்கும்.

4. வழி

சுற்றிவர சுமார் 60 கிலோமீட்டர். சார்லாவின் தெற்கு எல்லையிலிருந்து பழைய ரயில்பாதையைத் தார் போட்டு மாற்றிய பசுமைவழி தொடங்குகிறது. கார் இல்லை, ஏற்றமும் பெயருக்குத்தான். கார்சாக் வரை அதில் போய்க் காலைச் சூடாக்கிக்கொண்டு, டி-703 சாலைக்கு மாறுங்கள். மோன்ஃபோர் அருகே ஆறு ஏறக்குறைய முழுவட்டம் அடித்துத் திரும்புவதை மேலிருந்து பார்க்கலாம். பிறகு வித்ராக், பாலம் தாண்டி செனாக்.

செனாக்கிலிருந்து தோம் ஊருக்கு ஏற்றம். ஆற்றிலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பில் இருக்கிறது அந்த ஊர். 2017 டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் பெரிகே–பெர்ஜராக் கட்டத்தில் தோம் ஏற்றமும் இருந்தது. அவர்கள் கணக்கில் நான்காம் வகை, அதாவது ஆகக் குறைந்த வகை. அந்தத் தகவலை நம்பி வேகமாகத் தொடங்கிவிடாதீர்கள். செனாக்கின் கடைசி வீடு வரும் முன்பே முன்னாலுள்ள சிறிய பல்சக்கரத்துக்கு மாறிவிடுங்கள். சரிவில் பெடலை அழுத்திக்கொண்டே மாற்றினால் செயின் கழன்று விழும். உட்கார்ந்தே ஏறுங்கள். வாயால் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் சரியான வேகம்.

தோம் ஊரை 1281-இல் மூன்றாம் பிலிப் மன்னன் கோட்டைநகராக நிறுவினான். கிழக்கு வாசலின் இரட்டைக் கோபுரங்களில் 1307-க்குப் பிறகு டெம்ப்ளர் வீரர்களை, அதாவது சிலுவைப்போர்க் காலத்துக் கிறிஸ்தவத் துறவிப் படையினரை, சிறைவைத்தார்கள். சுவரில் அவர்கள் கீறியதாகச் சொல்லப்படும் சிலுவைகளும் உருவங்களும் இருக்கின்றன. சந்தை மண்டபத்தின் கீழேயே ஒரு சுண்ணாம்புக் குகைக்கு வாசல். வியர்வையோடு குகைக்குள் இறங்கினால் குளிர் பிடிக்கும், மேல்சட்டை எடுத்துப் போங்கள்.

இறங்கி, டி-50 வழியாக சேன்-சிப்ரனே, அங்கிருந்து காஸ்தெல்நோ. நூறாண்டுப் போரில் ஆற்றின் இக்கரையில் காஸ்தெல்நோ கோட்டை நெடுங்காலம் ஆங்கிலேயர் பக்கம். எதிரே பெய்னாக் பிரெஞ்சு மன்னர் பக்கம். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியும். காஸ்தெல்நோவில் மரத்தால் செய்த முழு அளவுக் கல்லெறி பொறிகளை வைத்திருக்கிறார்கள். கால் மிச்சமிருந்தால் டி-53 வழியாக மிலாந்த் மாளிகை வரை போய்வாருங்கள். பாடகி ஜோசஃபின் பேக்கர் வாழ்ந்து, கடனில் மூழ்கி, 1969-இல் வெளியேற்றப்பட்ட வீடு. பிறகு டி-57 வழியாக வெஸாக், சார்லா.

பெய்னாக்கும் லா ரோக் கஜாக்கும் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் ஊர்கள். ஒரே சாலை, அதில் பேருந்துகள். பெய்னாக்கைச் சுற்றிப் புறவழிச்சாலை போட ஆற்றில் பாலத்தூண்கள்கூட எழுப்பினார்கள். 2018 டிசம்பரில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் பணியை நிறுத்திவைத்தது. இரண்டு ஊர்களையும் காலை ஒன்பது மணிக்கு முன் பாருங்கள், அல்லது அதற்கென்று தனியாக ஒரு நாள் வையுங்கள்.

5. வலப்பக்கத்து முன்னுரிமை

சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது சீக்கிரம் பழகிவிடும். பழகாதது இது: சந்திப்பில் எந்தப் பலகையும் இல்லாவிட்டால், வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. நீங்கள் பெரிய தெருவில் போனாலும் சரி, அவர் பார்க்காமலே வெளியே வருவார், அது அவர் உரிமை. வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் சாய்சதுரப் பலகை தெரிந்தால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை. அதன்மேல் கறுப்புக்கோடு குறுக்கே போயிருந்தால் முன்னுரிமை முடிந்தது. பழைய ஊர்களுக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே போங்கள்.

ஊருக்கு வெளியே கார்கள் உங்களிடமிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் முந்த வேண்டும் என்பது சட்டம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் ஹெல்மெட் கட்டாயம், நீங்களும் போடுங்கள். ‘கிராவியோன்’ என்று பலகை இருந்தால் புதிதாகத் தார் ஊற்றிச் சரளை தூவியிருக்கிறார்கள் என்று பொருள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதீர்கள்.

6. தண்ணீரும் சாப்பாடும்

பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குள் ஊர்க்கடைகள் மூடிவிடும். இரண்டு மணிக்கு முன் திறக்காது, சில நான்கு மணிக்குத்தான். திங்கட்கிழமை பல ரொட்டிக்கடைகள் திறப்பதே இல்லை. பதினொன்றரைக்கு ரொட்டியும் பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பசிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். சங்கடப்பட ஒன்றுமில்லை, பிரெஞ்சு சைக்கிள்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ‘ஓ நோன் பொதாப்ல்’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

பின்சேர்க்கை: சைவர்களுக்கு

சைவர்கள் அங்கே என்ன சாப்பிடுவது என்று கேட்டு எழுதியவர்கள் பலர். இது வாத்து நாடு. சார்லா உருளைக்கிழங்கு என்று பட்டியலில் இருப்பது வாத்துக்கொழுப்பில் வதக்கியது. பெரிகோர் சாலட்டில் இலைக்கடியில் வாத்தின் இரைப்பைத் துண்டுகள் இருக்கும். பூண்டு சூப்பிலும் கொழுப்பு உண்டு. ‘இறைச்சி சாப்பிட மாட்டேன்’ என்பது போதாது, ‘வாத்துக்கொழுப்பும் வேண்டாம்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். ரொட்டி, வால்நட், ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸ் மூன்றையும் சந்தையில் வாங்கி ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் ஓட்டலே தேவையில்லை. சீஸில் சேரும் உறைபொருள் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது. கண்டிப்பான சைவர்கள் அதையும் விட்டுவிடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: ரயிலில் சைக்கிள்

வட்டார ரயிலில் சைக்கிளைக் கழற்றாமல் ஏற்றலாம், ஆனால் இடம் குறைவு. கோடையில் முன்பதிவு வேண்டுமா என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் சொந்த சைக்கிளோடு வருவதானால், சக்கரங்களைக் கழற்றிப் பையில் போட்டால் பயணப்பெட்டியாகக் கருதுவார்கள். பையின் அளவுக்கு வரம்பு உண்டு. செயினை ஒரு பழைய துணியால் சுற்றிவிடுங்கள், பக்கத்துப் பெட்டியின் மேல் எண்ணெய் படாது.