பழைய வாஷிங் மிஷின், ட்ரையர்: வயதைக் கண்டுபிடிப்பது எப்படி, வேலைக்கு ஆகுமா என்று பார்ப்பது எப்படி

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கொடியில் போட்ட துண்டு நாலு நாளானாலும் காயாது. ஐந்தாம் நாள் காய்ந்திருக்கும், ஆனால் பூஞ்சை வாடை அடிக்கும். ஊட்டி, கூடலூர்க்காரர்களுக்கு இந்தப் பாடு ஆடியில். எங்களுக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகையில். அதனால்தான் 2023-இல் வீட்டைக் காலி செய்து கீழே போன ஒருவரிடம் ஒரு ஃப்ரண்ட் லோட் மிஷினும் ட்ரையரும் சேர்த்து 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். “ரெண்டும் ஜோடிங்க, ஆறு வருஷம்தான் ஆகுது” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கே தெரியாது என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் ஒரு விஷயம். இங்கே ட்ரையர் என்று நான் சொல்வது சூடான காற்றில் துணியை உலர்த்தும் தனி மிஷின். செமி ஆட்டோமேட்டிக்கில் சுற்றிப் பிழிகிற இரண்டாவது தொட்டியையும் நம்மவர்கள் ட்ரையர் என்றுதான் சொல்கிறார்கள். அது ஸ்பின்னர். பிழியும், உலர்த்தாது.

தேவையானவை: செல்போன் டார்ச், மல்டிமீட்டர், பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு. தராசு கட்டாயம் வேண்டும். கடைக்காரர் எடுத்து நீட்டும் ‘மிஷின் கிளீனர்’ பவுடரை நான் வாங்குவதில்லை. எங்கள் குழாய்த் தண்ணீரில் உப்புப் படிவது குறைவு. இங்கே எதிரி பூஞ்சைதான். அதற்கு டோர் ரப்பரின் மடிப்பைத் துணியால் துடைத்து, கதவைத் திறந்து வைத்தால் போதும்.

படி 1: சீரியல் நம்பர்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆரம்பியுங்கள். ஃப்ரண்ட் லோடில் கதவைத் திறந்தால் ஓரத்திலேயே ஸ்டிக்கர் இருக்கும். டாப் லோடில் பெரும்பாலும் முதுகுப் பக்கம். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்ஜியில் சீரியல் நம்பரின் முதல் எண் வருஷத்தின் கடைசி இலக்கம், அடுத்த இரண்டும் மாதம். 805 என்று தொடங்கினால் எட்டில் முடியும் ஒரு வருஷத்தின் மே மாதம். மற்ற கம்பெனிகளுக்கு வேறு வேறு முறை. பில்லும் அட்டைப்பெட்டியும் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். ஆனால் பழைய மிஷினுக்கு யார் பில் வைத்திருக்கிறார்கள்?

படி 2: நான் ஏமாந்த இடம்

வருஷத்துக்கு ஒரே ஓர் இலக்கம் என்றால் பத்து வருஷத்துக்கு ஒருமுறை அதே எண் திரும்ப வரும். என் மிஷினின் நம்பரும் அந்த மாதிரிதான், 705 என்று தொடங்கியது. 2017 மே என்று எடுத்துக்கொண்டேன். விற்றவரும் ஆறு வருஷம் என்றுதானே சொன்னார். மூன்று மாதம் கழித்து, சோப்புத்தூள் போடும் தட்டை முழுசாக வெளியே இழுத்துக் கழுவும்போது அதன் அடிப்பக்கம் ஒரு சின்ன வட்டம் கண்ணில் பட்டது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்பு. ஸ்க்ரூ என்று நினைத்து ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பியும் பார்த்தேன். சிரிக்காதீர்கள்.

அது அச்சுத் தேதி. பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சிலேயே இந்தக் கடிகாரம் பதிந்திருக்கும். அம்பு காட்டுவது மாதம். அம்பின் இரண்டு பக்கமும் இருக்கும் இலக்கங்களைச் சேர்த்துப் படித்தால் வருஷம். சில பாகங்களில் வருஷத்துக்குத் தனி வட்டம் இருக்கும். என் தட்டில் அம்பு 3-ஐக் காட்டியது. இடப்பக்கம் 0, வலப்பக்கம் 7. 2007 மார்ச்.

ஒரு பாகத்தை மட்டும் நம்பக்கூடாது, தட்டை யாராவது மாற்றியிருக்கலாம். கீழே பம்ப் ஃபில்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். (ஒரு தட்டில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் தரையைத் துடைத்தேன்.) அதிலும் 07. பாகம் வார்த்த பிறகுதான் மிஷின் பூட்டுவார்கள். மார்ச்சில் தட்டு, மே மாதம் மிஷின். கணக்கு சரியாக வந்தது. வாங்கியபோதே அதற்கு 16 வயது. ட்ரையரின் பஞ்சு ஃபில்டரில் பார்த்தால் 16 என்று இருந்தது, அதாவது 2016. ஜோடியாவது ஒன்றாவது!

படி 3: டிரம்

வயது தெரிந்துவிட்டது. இனி உடம்பு எப்படி என்று பார்க்க வேண்டும். காலி டிரம்மின் மேல் விளிம்பை உள்ளேயிருந்து பிடித்துத் தூக்குங்கள். மொத்தத் தொட்டியும் சேர்ந்து ஊஞ்சல் மாதிரி ஆடினால் கவலை இல்லை, அது ஸ்பிரிங். தொட்டி அப்படியே நிற்க, டிரம் மட்டும் ‘டக்’கென்று ஆடினால் பேரிங் போய்விட்டது. கையால் சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். கரகரவென்று மணல் அரைக்கிற சத்தம் வந்தாலும் அதேதான். மிஷினின் முதுகில், நடுவிலிருந்து துருக்கோடு வழிந்திருந்தால் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலும் போயிருக்கிறது, தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கியிருக்கிறது.

என்னுடையதில் டக் இருந்தது. வந்த மெக்கானிக், “வயசாயிடுச்சுதான் சார், ஆனா தொட்டி போல்ட் போட்டது, பிரிச்சிடலாம்” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் முக்கியம். பல புதிய மாடல்களில் தொட்டியின் இரண்டு பாதியையும் பிரிக்க முடியாமல் ஒட்டிவிடுகிறார்கள். பேரிங்குக்காக முழுத் தொட்டியையே மாற்ற வேண்டி வரும். பழைய மிஷின் வாங்கும் முன் அந்த மாடலின் தொட்டி பிரியுமா என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள். எனக்கு 6205, 6206 என்ற நம்பர் போட்ட இரண்டு பேரிங், ஒரு சீல், கூலி எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய் ஆனது.

படி 4: ட்ரையருக்கு எடைச் சோதனை

‘சூடு வருதா’ என்று கையை வைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. துவைத்துப் பிழிந்த துணியைப் பையில் போட்டுத் தராசில் தொங்கவிடுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி எடை போடுங்கள். குறைந்ததெல்லாம் தண்ணீர். என் ட்ரையர் ஒரு மணி நேரத்தில் 700 கிராம்தான் எடுத்தது. பின்னால் காற்று வெளியேறும் குழாயைக் கழற்றினால், முழங்கை நீளத்துக்குப் பஞ்சு, ஈரத்தில் ஊறிக் கம்பளி மாதிரி. அதை எடுத்த பிறகு 1 கிலோ 350 கிராம்.

குழாயின் முனை வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அறைக்குள் விட்டால் துணியின் ஈரம் சுவருக்குப் போகும். 2,000 வாட் மிஷினுக்கு 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பின்சேர்க்கை: கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி, “குழாயைச் சுத்தம் பண்ணிட்டேன் அண்ணா, அப்பவும் சாயங்காலம் காய மாட்டேங்குது, மதியம் காயுது” என்று எழுதியிருந்தார். மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜ் பார்க்கச் சொன்னேன். தெருவே கீசர் போடுகிற நேரத்தில் 190. ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். 230-இல் 2,000 வாட் தருவது 190-இல் 1,360 வாட்தான் தரும். மிஷினில் ஒரு குறையும் இல்லை. இப்போது மதியமே போட்டுவிடுகிறாராம். நான் இதை எழுதும்போதே சேர்த்திருக்க வேண்டும்.

இன்னொரு பின்சேர்க்கை, 2025 ஐப்பசி: 2007 மிஷின் ஓடுகிறது. பெல்ட் அறுந்து நிற்பது 2016 ட்ரையர்தான். கீழே சமவெளியில் வருஷத்தில் பத்து நாள் ஓடுகிற சாமான், இங்கே பாதி வருஷம் தினமும் இரண்டு முறை ஓடியது. பெல்ட் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். பர்லியார் பக்கம் மண் சரிந்து பஸ் நிற்கிறது. கணப்புக்கு முன்னால் கயிறு கட்டியிருக்கிறோம். பையனின் ஸ்கூல் ஸ்வெட்டரில் புகை வாசம்.