விசித்திரக் கைத்துப்பாக்கிகள்: ஆசைப்படுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட், பீடோர் பக்கம் ஒட்டுக்கடை மேசைகளில் இப்போது துப்பாக்கி வீடியோக்களும் ஓடுகின்றன. குழல் கீழே இருக்கும் ரிவால்வர், ராக்கெட் சுடும் பிஸ்டல் என்று ஒன்றையடுத்து ஒன்று வரும். "இது ஒன்று வாங்க முடியுமா?" என்ற கேள்வியும் கூடவே வரும்.

வாங்குவதைப் பற்றி மலேசியச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்ட ஷாட்கன்னுக்கு லைசென்ஸ் கிடைக்கிறதே, பிஸ்டலும் கிடைக்காதா என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. அந்த லைசென்ஸ் அந்தத் துப்பாக்கிக்கு மட்டும்தான். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றழுத்தத்தில் சுடும் ஏர் பிஸ்டலும் ஆயுதம்தான். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. "பொம்மைதானே" என்று ஆன்லைனில் வாங்கும் போலித் துப்பாக்கிக்கும் ஓராண்டு வரை சிறையோ 5,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டுமோ விழலாம். தாய்லாந்தின் ஹாட்யாய் போய்விட்டு வரும்போது தோட்டா தொங்கும் சாவிக்கொத்தை ஞாபகத்துக்கு வாங்கி வரவே வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் ஒரு தோட்டா கையில் இருந்தாலும் வழக்குதான்.

இனி வடிவமைப்புக்கு வருவோம். லைசென்ஸ் தரும் நாட்டில் வாழும் உறவினருக்கு யோசனை சொல்பவர்களும் கீழே வரும் தவறுகளைச் செய்கிறார்கள்.

முக்கியமான தவறு, துப்பாக்கியைப் பார்த்து மயங்கித் தோட்டாவை மறப்பது. 1960களில் அமெரிக்காவில் வந்த கைரோஜெட் 13 மி.மீ. குட்டி ராக்கெட்டைச் சுட்டது. உதைப்பு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் ராக்கெட் குழலை விட்டு மெதுவாகத்தான் கிளம்பும். வேகம் பிடிப்பதெல்லாம் வெளியே போன பிறகுதான், அதனால் மிக அருகில் இருக்கும் இலக்கில் அடி பலமில்லை. அதன் அடிப்பகுதித் துளைகள் ஒரே அளவில் அமையாவிட்டால் பாதை கோணும். இன்று அந்த ராக்கெட் சேகரிப்பாளர்களின் அலமாரிப் பொருள். 1950களின் டார்டிக் துப்பாக்கிக்கும் இதே கதைதான்: முக்கோணத் தோட்டா நின்றது, துப்பாக்கியும் நின்றது.

கடையில் கிடைக்கும் சாதாரணத் தோட்டா போதும் என்றாலும் நிம்மதியில்லை. போபெர்க் எக்ஸ்ஆர்9 பிஸ்டல், தோட்டாக்கள் அடுக்கிய மேகசினிலிருந்து 9 மி.மீ. தோட்டாவின் பின்விளிம்பைப் பிடித்துப் பின்னோக்கி இழுக்கும். அதனால்தான் சின்ன உடலில் நீளமான குழல் வைக்க முடிந்தது. ஆனால் குண்டை இறுக்கிப் பிடிக்காத தோட்டா என்றால் உறை மட்டும் கழன்று வரும், குண்டு மேகசினிலேயே தங்கிவிடும், வெடிமருந்து உள்ளே கொட்டும். இதை வாங்குபவர் தோட்டா பிராண்டு ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் நம்ப வேண்டும்.

கியாப்பா ரைனோ வேறு வகை. பெரும்பாலான ரிவால்வர்களில் குண்டு உருளையின் மேல் அறையிலிருந்து போகும்; இதில் கீழ் அறையிலிருந்து போகிறது. உதைப்பு நேராக உள்ளங்கைக்கு வருவதால் பலமான .357 மேக்னம் தோட்டாவிலும் குழல் முனை அதிகம் எகிறாது. இது விளம்பரப் பேச்சு அல்ல, உண்மை. ஆனால் பின்னால் தோட்டாவை அடிக்கும் சுத்தியல் போலத் தெரிவது சுத்தியல் அல்ல, உள்ளே இருக்கும் சுத்தியலை ஏற்றும் நெம்புகோல். இழுத்து விட்டால் அது பழைய இடத்துக்கே திரும்பிவிடும். உள்ளே சுத்தியல் ஏறியே இருக்கும். பக்கத்தில் எட்டிப் பார்க்கும் சின்னச் சிவப்புக் குச்சிதான் ஒரே அடையாளம். பழைய ரிவால்வர் பழக்கத்தில் "இறங்கியிருக்கிறது" என்று நினைத்துப் பைக்குள் வைப்பவருக்கு ஆபத்து. இன்னொன்று: குழல் கீழே இருப்பதால் இடக்கை விரலை முன்னால் நீட்டினால் உருளைக்கும் குழலுக்கும் இடையே சீறும் வாயு சுட்டுவிடும். உள் இயந்திரம் சிக்கல், கழற்றிப் பார்க்கிற வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். இத்தனையும் தெரிந்து இலக்குச் சுடுவதற்கு வாங்கினால், இந்தப் பட்டியலில் காசுக்கு மதிப்புள்ளது ரைனோதான்.

அறிமுகமான சூட்டிலேயே வாங்குவது அடுத்த தவறு. 2014இல் வந்த ரெமிங்டன் ஆர்51 பிஸ்டல் அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டு, திருத்திய வடிவில் 2016இல் மறுபடி வந்தது. 2017இல் எல்லாரும் வாய் பிளந்த ஹட்சன் எச்9 பிஸ்டலின் கம்பெனி 2019இல் திவாலானது; வாங்கியவர்களுக்கு உதிரி பாகமும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. கைக்கடிகாரம் அருகில் இருந்தால்தான் சுடும் ஆர்மாட்டிக்ஸ் ஐபி1 பிஸ்டலின் பூட்டை 2017இல் ஒருவர் 15 டாலர் காந்தங்களை வைத்தே திறந்து காட்டினார்.

குளோக் பிஸ்டலும் 1982இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்தபோது பிளாஸ்டிக் விசித்திரம்தான். பிழைத்ததற்குக் காரணம், வெறும் 34 பாகங்கள். பாகத்தைக் குறைத்த புதுமை நின்றது, கூட்டிய புதுமையில் பெரும்பாலானவை மறைந்தன.

சுடும் ஆசை அடங்காதவர்கள் பதிவு பெற்ற சுடும் கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்கலாம். விசித்திர வடிவம் அங்கே எடுபடாது: துப்பாக்கி 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது, சுடும் விசை (ட்ரிகர்) குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும்.