பழைய புரொஜெக்டருக்கு லேம்ப்: பெட்டியை விடுங்கள், பல்பைப் பாருங்கள்

2022 உலகக் கோப்பை அரையிறுதி, நம்ம நேரப்படி இரவு பன்னிரண்டரைக்கு ஆட்டம். குளச்சல் பக்கம் கடலோரத்தில் அர்ஜென்டினா ஆட்டம் என்றால் தூங்குகிற வீடு குறைவு. முற்றத்தில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி என் பழைய எப்சான் புரொஜெக்டரில் ஓட்டிக்கொண்டிருந்தோம். அல்வாரஸ் தன் பாதியிலிருந்தே பந்தோடு ஓடிவந்து இரண்டாவது கோல் போடப் போகிற நேரம் பார்த்து உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், வேட்டி வெறும் வேட்டியாகிவிட்டது. கோல் விழுந்ததைப் பக்கத்து வீட்டுக் கூச்சலில்தான் தெரிந்துகொண்டோம். ஆன்லைனில் 1,800 ரூபாய்க்குக் கிடைத்ததே என்று நான் பெருமையடித்துக்கொண்ட லேம்ப் அது, மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில், போனது லேம்ப்தானா என்று பாருங்கள். படம் மொத்தமாக மங்கினாலோ, மினுங்கினாலோ, மெஷின் மேல் 'லேம்ப்' என்று போட்ட சின்ன எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சந்தேகப்படலாம். புரொஜெக்டரில் எல்சிடி, டிஎல்பி என்று இரண்டு வகை உண்டு, படத்தை உருவாக்குவது ஒன்றில் எல்சிடி தகடு, மற்றதில் ஒரு சிப். ஓரத்தில் மஞ்சள் திட்டு என்றால் அது எல்சிடி பக்கத்துக் கோளாறு, டிஎல்பி மெஷினில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது சிப் கோளாறு, இரண்டுக்கும் புது லேம்ப் வாங்குவது வீண் செலவு. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அணைந்துபோகிறதென்றால் முதலில் காற்று உள்ளே போகிற ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். நம்ம ஊர் உப்புக் காற்றுக்கு அதில் தூசி ஈரத்தோடு அப்பிக்கொள்ளும், காற்று போக வழியில்லாமல் சூடாகித்தான் மெஷின் தானாக அணையும்.

லேம்ப்தான் என்று உறுதியானால் லேம்ப் எண்ணைத் தேடுங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. எப்சான் டிடபிள்யூ480க்கு ஈஎல்பிஎல்பி67, அதையே வி13எச்010எல்67 என்றும் போடுவார்கள். பழைய லேம்ப் கூட்டின் மேல் ஸ்டிக்கரில் இருக்கும், போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். நாகர்கோவிலில் ஒரு பழைய டிவி மெக்கானிக் அண்ணனிடம் செத்துப்போன லேம்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்களே, கூடு யாருக்கதா இருந்தா என்ன? உள்ள இருக்க பல்பு யாருக்கதுன்னு பாரு" என்றார். லேம்ப் என்று நாம் வாங்குவது இரண்டு சங்கதி: பிளாஸ்டிக் கூடு ஒன்று, அதற்குள் கண்ணாடிக் கிண்ணத்தோடு இருக்கிற பல்பு ஒன்று. கூட்டை யார் வேண்டுமானாலும் அச்சில் வார்த்துவிடலாம். பல்பு அப்படியில்லை. எரியும்போது உள்ளே பாதரச ஆவி சுமார் 200 மடங்கு காற்றழுத்தத்தில் இருக்கும், இரண்டு முனைகளுக்கு நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அந்த இடைவெளியோ கிண்ணத்தின் வளைவோ கொஞ்சம் மாறினாலும் வெளிச்சம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் சிதறும், படம் முதல் நாளே மங்கல்.

அதனால் கடைகளில் கிடைப்பதை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். புரொஜெக்டர் கம்பெனியே விற்கிற முழு லேம்ப், விலை அதிகம், கவலை குறைவு. வேறு கூட்டில் பிலிப்ஸ், ஓஸ்ராம், உஷியோ போன்றவர்களின் அசல் பல்பு, என் ஓட்டு இதற்குத்தான். பல்பும் நகல், கூடும் நகல் என்பது மூன்றாவது, என் 1,800 ரூபாய். அசல் பல்பில் அளவு பொறித்திருக்கும்: ஓஸ்ராமில் 'பி-விஐபி 210/0.8 ஈ20.9என்' என்று இருந்தால் 210 வாட், 0.8 மில்லிமீட்டர் இடைவெளி என்று அர்த்தம். விற்கிறவரிடம் "உள்ளே என்ன பல்பு, அந்த எழுத்து தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். பெட்டிப் படம் மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தால் விட்டுவிடுங்கள். 'கம்பேட்டிபிள்', அதாவது கம்பெனியுடையது இல்லை ஆனால் பொருந்தும் என்று போட்டிருந்தால், அந்தச் சொல் கூட்டுக்கா பல்புக்கா என்றும் கேட்க வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம்.

நாகர்கோவிலில் கேட்டால் பெரும்பாலும் வரவழைத்துத்தான் தருவார்கள். திருவனந்தபுரம் போய்வரலாம், அல்லது சென்னை ரிச்சி தெருவில் பழக்கமானவர் யாராவது இருந்தால் பார்சல் போடச் சொல்லலாம். பார்சல் வந்தால் பிரிப்பதை வீடியோ எடுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தின் நடுவில் உள்ள சிறு குமிழ் பளிச்சென்று தெளிவாக இருக்க வேண்டும், பால் படிந்த மாதிரியோ கறுத்தோ இருந்தால் அது ஓடிய பல்பு. செகண்ட் ஹேண்ட் மெஷினில் 'லேம்ப் 50 மணி நேரம்' என்று காட்டுவதையும் நம்பாதீர்கள், மெனுவில் நாலு பட்டன் அமுக்கினால் அது பூஜ்யமாகிவிடும்.

மாட்டுவது சுலபம். பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். பல்புக் கண்ணாடியை விரலால் தொடவே தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெந்து பலவீனமாகும். மூடியைச் சரியாக அழுத்தி மூடாவிட்டால் மெஷின் ஆன் ஆகாது, புது லேம்ப் கெட்டது என்று பயந்துவிடாதீர்கள். அப்புறம் லேம்ப் மணிக்கணக்கை ரீசெட் செய்துவிட்டு, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் தினமும் இரண்டு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். பல லேம்ப்களுக்கு வாரண்டியே 90 நாள்தான், ஆகவே முன்கூட்டியே ஸ்பேர் வாங்கி அலமாரியில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மழைக்காலத்தில் கரண்ட் போய்ப்போய் வருமே, அதுதான் லேம்புக்கு எமன். ஃபேன் நின்றுவிடும், சூடு உள்ளேயே தங்கிவிடும். வீட்டு இன்வெர்ட்டர் மாறுகிற அந்தக் கண நேரத்தில்கூடச் சில மெஷின்கள் அணையும், கம்ப்யூட்டர் யுபிஎஸ் ஒன்று வைத்தால் நிதானமாக ஆஃப் செய்ய நேரம் கிடைக்கும். கரண்ட் வந்ததும் உடனே ஆன் செய்யாமல் ஆறவிட்டுப் போடுங்கள். சின்ன அறைக்கு, வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டுகிற ஈகோ மோடே போதும்.

லேம்ப் விலை, நம்மிடம் இருக்கிற மாதிரியே ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷினுக்கு ஆகிற விலையில் பாதியைத் தாண்டினால் நான் வாங்க மாட்டேன்.

எங்களுக்கு ஆன மாதிரி பல்பு உள்ளே வெடித்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்விடுங்கள். உள்ளே இருந்தது பாதரசம், வாக்குவம் கிளீனர் போடக் கூடாது. பழைய லேம்பைத் தென்னை மூட்டில் வீசாமல் புதுசு வந்த பெட்டியிலேயே வைத்து இ-வேஸ்ட் எடுப்பவரிடம் கொடுங்கள்.