ஆயுதம் கொடுக்கும் முன்: அயல்நாட்டுக் கிளர்ச்சிகளில் கூட்டாளியை எடைபோடும் முறை

ஒரு நாட்டின் ஆட்சி ஆட்டம் காணும்போது, அதை எதிர்க்கும் குழுக்களில் ஒன்றுக்குப் பணமும் ஆயுதமும் கொடுக்க வேறொரு நாடு முன்வருவது வரலாற்றில் அடிக்கடி நடந்திருக்கிறது. அப்போது சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பேசுகிறவர்கள், தலையங்கம் எழுதுகிறவர்கள், வாக்களிக்கும் நாம் என்று எல்லோருமே அந்த உதவி சரியா தவறா என்று ஒரு கருத்துக்கு வர வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் எதிரியின் கொடுமையைப் பார்த்தே நாம் அந்தக் கருத்துக்கு வருகிறோம். நம் உதவியைப் பெறப்போகிறவர் யார், நாளை அவர் கையில் அதிகாரம் வந்தால் என்ன செய்வார் என்பதை விசாரிக்க நாம் எடுத்துக்கொள்ளும் நேரம் மிகக் குறைவு. அந்த விசாரணையை எப்படி நடத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொடக்கம் முதல் முடிவு வரை முழுவதும் தெரிந்துவிட்ட நிகழ்வு என்பதால், ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகளுக்கு எதிராக அமெரிக்கா நடத்திய மறைமுகப் போரையே முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதலில், உதவியின் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியத்தில் எதிரி வெளியேறுவது மட்டும் இருக்கிறதா, அதற்குப் பிறகு யார் எப்படி ஆள வேண்டும் என்பதும் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஆப்கானிஸ்தான் கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதமல்லாத உதவி செய்ய 1979 ஜூலையில் அதிபர் கார்ட்டர் ஒப்புதல் அளித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் சோவியத் படைகள் காபூலுக்குள் நுழைந்தபின் ஆயுதங்கள் போகத் தொடங்கின. எதிரியைத் தொல்லைப்படுத்துவது என்றிருந்த நோக்கம், 1985 மார்ச்சில் அதிபர் ரீகன் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு எதிரியை அடியோடு வெளியேற்றுவது என்று விரிந்தது. நோக்கம் நிறைவேறவும் செய்தது: 1989 பிப்ரவரி 15 அன்று கடைசி சோவியத் படைப்பிரிவு எல்லையைக் கடந்து திரும்பியது. ஆனால் காபூலில் சோவியத் ஆதரவு பெற்ற நஜிபுல்லாவின் அரசு 1992 ஏப்ரல் வரை நீடித்தது, அது விழுந்த பிறகு அங்கே யார் அமர வேண்டும் என்பது பற்றி ஆயுதம் கொடுத்தவர்களிடம் உருப்படியான திட்டம் எதுவும் இருக்கவில்லை. எதிரி போகும் நாளோடு நம் திட்டம் முடிந்துபோகிறது என்றால், நாம் ஆயுதம் கொடுத்தவரின் திட்டம் அன்றுதான் தொடங்குகிறது என்பதை முதல் நாளிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த சோதனையை நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒரு குழு தன் எதிரியிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைவிட, தன் பக்கத்திலேயே நிற்கும் போட்டியாளர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பாருங்கள். ஆப்கான் எல்லைக்கு அருகிலுள்ள பாகிஸ்தான் நகரமான பெஷாவரில் தளம் அமைத்திருந்த ஏழு ஆப்கான் கட்சிகள் வழியாகவே அமெரிக்க, சவூதி உதவி கிளர்ச்சியாளர்களுக்குச் சென்றது. அவற்றுள் குல்புதீன் ஹெக்மத்யாரின் ஹெஸ்பே இஸ்லாமி கட்சிக்கே பெரும்பங்கு கிடைத்தது. கட்டுக்கோப்பான கட்சி, கடுமையான கொள்கைப் பிடிப்பு, சோவியத் எதிர்ப்பில் தளராத உறுதி என்று அவருக்குச் சாதகமாகச் சொல்லப்பட்டவை பொய்யல்ல. ஆனால் பிற கட்சிகளின் தளபதிகளை அவருடைய ஆட்கள் தாக்குகிறார்கள், சோவியத் படைகளோடு போரிடுவதில் காட்டும் அதே ஊக்கத்தைச் சக முஜாஹிதீன்களை, அதாவது தம்மைப் போலவே சோவியத்தை எதிர்த்த ஆப்கான் கிளர்ச்சியாளர்களை, ஒடுக்குவதிலும் காட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுகள் போர் நடந்த காலத்திலேயே பெஷாவரில் பரவலாகப் பேசப்பட்டன. 1989 ஜூலையில் தக்கார் மாகாணத்தில் மற்றொரு முஜாஹிதீன் தலைவரான அகமது ஷா மசூதின் தளபதிகள் பலரை ஹெக்மத்யார் கட்சியின் ஒரு தளபதி வழிமறித்துக் கொன்றார். 1991 வளைகுடாப் போரின்போது, அத்தனை ஆண்டுகள் தனக்கு உதவிய அமெரிக்காவுக்கும் சவூதி அரேபியாவுக்கும் எதிராக அவர் சதாம் உசேன் பக்கம் நின்றார். 1992-இல் முஜாஹிதீன்கள் காபூலைக் கைப்பற்றிய பின், அதிகாரப் பங்கீட்டில் மனம் ஒப்பாமல் அந்த நகரத்தின் மீதே ராக்கெட்டுகளைப் பொழிந்தார். 1993-இல் இஸ்லாமாபாத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி பிரதமர் பதவி அவருக்கே தரப்பட்ட பிறகும் நகரத்தின் மீதான தாக்குதல்கள் ஓயவில்லை. சோவியத் படைகள் இருந்த பத்தாண்டுகளில் பெரும்பகுதி தப்பிப் பிழைத்திருந்த காபூல், 1992-க்குப் பின் வந்த நான்கு ஆண்டுகளில்தான் இடிபாடாயிற்று. பல்லாயிரம் பொதுமக்கள் மாண்டார்கள். 2003 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அவரைப் பயங்கரவாதியாக அறிவித்தது.

இதில் எதுவும் முன்கூட்டியே ஊகிக்க முடியாத ஒன்றல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அறிகுறிகள் மறைந்திருக்கவில்லை, போர் முடியும்வரை அவற்றைப் பேசாமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

இந்தச் சோதனையை நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அது வலிக்கும் என்றாலும். 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பிறகு இலங்கைத் தமிழ்ப் போராளி இயக்கங்கள் பலவற்றுக்கு இந்தியாவின் உளவு அமைப்பான ரா பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. கொழும்பு அரசைப் பேச்சுக்குக் கொண்டுவரும் அழுத்தமாக இயக்கங்கள் இருக்கும், பல இயக்கங்கள் இருப்பதால் எதுவும் டெல்லியின் பிடியை மீறாது என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. 1986 ஏப்ரல் இறுதியில் விடுதலைப் புலிகள் டெலோ இயக்கத்தைத் தாக்கி, மே மாதம் அதன் தலைவர் சிறீ சபாரத்தினத்தைக் கொன்றபோதே அந்த எண்ணம் உடைந்துவிட்டது. ஆயினும் அடுத்த ஆண்டு ஜூலையில் கையெழுத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தம், புலிகள் ஆயுதத்தை ஒப்படைப்பார்கள் என்பதை நம்பியே நின்றது. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது சுமார் 1,200 இந்தியப் படைவீரர்கள் இறந்திருந்தார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். இவற்றையெல்லாம் டெல்லியின் இழப்பாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இயக்க மோதலிலும் அமைதிப்படைக் காலத்திலும் பிள்ளைகளையும் வீடுகளையும் இழந்த வடக்கு, கிழக்குத் தமிழ்க் குடும்பங்களின் கணக்கு அதைவிடப் பெரியது. கூட்டாளியைத் தவறாகக் கணிக்கும்போது, அந்தக் கூட்டாளி யாருக்காகப் போராடுவதாகச் சொல்கிறாரோ அந்த மக்களே முதலில் விலை கொடுக்கிறார்கள். உங்கள் கணக்கில் அந்த மக்களுக்குத் தனியாக ஒரு வரி ஒதுக்குங்கள்.

மூன்றாவதாக, உதவி யார் கை வழியாகப் போகிறது என்று விசாரியுங்கள். ஆப்கான் போரில் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. ஆயுதங்களை வாங்கிக் கராச்சித் துறைமுகம் வரை கொண்டுவந்து சேர்க்கும். அதற்கு மேல் எந்தப் பெட்டி எந்தக் கட்சிக்குப் போக வேண்டும் என்று தீர்மானித்தது பாகிஸ்தானின் உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ. அமெரிக்கா கொடுத்த தொகைக்கு ஈடான தொகையைச் சவூதி அரேபியாவும் கொடுத்தது என்பதால் பணம் இரட்டிப்பானது, ஆனால் பங்கிடும் கை ஒன்றாகவே இருந்தது. பாகிஸ்தானுக்குத் தனக்கென்று ஒரு தேவை இருந்தது: காபூலில் தனக்கு இணக்கமான ஓர் அரசு அமைய வேண்டும், எல்லைப்புறப் பஷ்தூன் பகுதிகளுக்கு உரிமை கோரும் தேசியவாதிகள் தலையெடுக்கக் கூடாது. ஹெக்மத்யார் 1970-களின் நடுப்பகுதியிலிருந்தே பாகிஸ்தானின் ஆதரவில் இருந்தவர். அவருக்குப் பெரும்பங்கு போனதன் காரணத்தை அங்கேதான் தேட வேண்டும். தூரத்து நாடு ஒன்று இடைத்தரகர் மூலம் உதவும்போது, தன் விருப்பத்தை அல்ல, இடைத்தரகரின் விருப்பத்தையே பணம் கொடுத்து நிறைவேற்றுகிறது. ஆகவே, பங்கீட்டுப் பட்டியலைக் கொடுக்கிறவர் நேரில் சரிபார்க்க முடியுமா, முடியாதென்றால் இடைத்தரகரின் சொந்த நலன் என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்காமல் மேலே செல்லக் கூடாது.

நான்காவது, அந்த நாட்டைப் பற்றி நமக்குச் செய்தி சொல்கிறவர் யார் என்பது. ஆட்சி மாற்றத்தால் நேரடியாகப் பயன்பெறப்போகிறவரே முதன்மைச் செய்தியாளராகவும் இருந்தால், அவர் சொல்வதைத் தொடர்பில்லாத வேறிரண்டு வழிகளிலாவது உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இராக்கில் சதாம் உசேனின் ஆட்சியை வெளியிலிருந்து எதிர்த்த அகமது சலாபியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1958-இல் இராக்கை விட்டு வெளியேறியவர். ஜோர்டானில் அவர் நடத்திய பெட்ரா வங்கி சரிந்தது தொடர்பான வழக்கில் 1992-இல் அவர் இல்லாமலேயே அந்நாட்டு நீதிமன்றம் அவருக்கு 22 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அது அரசியல் பழிவாங்கல் என்பது அவர் வாதம். அதே ஆண்டு உருவான இராக்கிய தேசிய காங்கிரசின் தலைவராக அவர் வாஷிங்டனில் செல்வாக்குப் பெற்றார், 1998-இல் இராக் விடுதலைச் சட்டத்தின் கீழ் எதிர்க்கட்சிக் குழுக்களுக்கு 9.7 கோடி டாலர் வரை உதவ வழி பிறந்தது. சதாமின் ஆயுதங்களைப் பற்றி அவருடைய அமைப்பு அழைத்துவந்த சாட்சிகள் சொன்னவற்றில் பல பின்னர் பொய்யென்று தெரிந்தன. 2004 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அதிபரின் மனைவிக்குப் பின்வரிசையில் சிறப்பு விருந்தினராக அமர்ந்திருந்தவரின் பாக்தாத் வீடு, நான்கே மாதங்களில் அமெரிக்கப் படையினர் துணைநிற்கச் சோதனையிடப்பட்டது. 2005 டிசம்பர் தேர்தலில் அவர் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெளியே வாழ்ந்தவருக்குச் சொந்த நாட்டில் எத்தனை பேர் ஆதரவு என்பதை ஆதரிக்கும் முன்பே விசாரித்திருக்கலாம்.

மக்கள் ஆதரவைப் பொறுத்தவரை இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் இருக்கிறது. 1971-இல் கிழக்கு வங்கத்தில் இந்தியா துணைநின்ற அவாமி லீக், அதற்கு முந்தைய டிசம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் அந்த மாகாணத்தின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ வென்றிருந்தது. மக்கள் யாரைத் தங்கள் பிரதிநிதியாகக் கருதுகிறார்கள் என்பதை ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. நோக்கமும் தெளிவாக இருந்தது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த மூன்று மாதங்களுக்குள் இந்தியப் படைகள் திரும்பிவிட்டன. அதற்குப் பிறகு வங்கதேசம் பல துன்பங்களைக் கண்டது உண்மை. ஆனாலும் எல்லாத் தலையீடும் ஒரே தரம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

ஆயுதங்களைப் பற்றிய கேள்வி எளிதானது: இதைத் திரும்பப் பெற முடியுமா? 1986 செப்டம்பர் முதல் முஜாஹிதீன்களுக்குத் தரப்பட்ட ஸ்டிங்கர் ஏவுகணைகளைத் தோளில் வைத்தே ஏவலாம், பயணிகள் விமானத்தையும் வீழ்த்தலாம். போர் முடிந்தபின் எஞ்சியவற்றைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்க சி.ஐ.ஏ. பல ஆண்டுகள் அலைந்தது, எல்லாமும் கிடைக்கவில்லை. லிபியாவில் 2011 அக்டோபரில் கடாபி கொல்லப்பட்ட பிறகு அவருடைய கிடங்குகளிலிருந்து வெளியேறிய ஆயுதங்கள் அடுத்த ஆண்டே மாலி நாட்டின் கிளர்ச்சிக்கு வலுச் சேர்த்தன. அந்த லிபியாவிலும், கிளர்ச்சிப் படையின் தளபதி அப்துல் ஃபத்தா யூனிஸ் 2011 ஜூலையில் தம் பக்கத்துப் போராளிகளாலேயே கொல்லப்பட்டபோது, நேட்டோ விமானங்கள் இன்னும் தாக்குதல் நடத்திக்கொண்டுதான் இருந்தன. மேலே சொன்ன இரண்டாவது சோதனைக்கு அதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

சரிபார்ப்பைக் கடுமையாக்கினால் போதும் என்று நினைப்பதும் சரியல்ல. சிரியாவில் மிதவாதப் போராளிகளை ஆராய்ந்து தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்க அமெரிக்கா 50 கோடி டாலர் ஒதுக்கிய திட்டத்தில், களத்தில் இன்னும் போரிடுகிறவர்கள் நான்கைந்து பேரே என்று 2015 செப்டம்பரில் செனட் குழுவிடம் தளபதி லாய்ட் ஆஸ்டின் சொல்ல வேண்டியிருந்தது. நமக்கு ஏற்ற கூட்டாளி அந்தக் களத்தில் இல்லை என்பதும் ஒரு விடைதான். அந்த விடை வரும்போது, இருக்கிறவர்களில் ஒருவரைத் தேடிப்பிடித்து அவருக்குத் தகுதி கற்பிக்கக் கூடாது.

இவற்றையெல்லாம் கடந்தும் உதவி தேவை என்ற முடிவுக்கு வந்தால், தவணை தவணையாகக் கொடுங்கள் என்றும், எந்தச் செயல் நடந்தால் அடுத்த தவணை நிற்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வையுங்கள் என்றும் உங்கள் பிரதிநிதியிடம் கேளுங்கள். போட்டி இயக்கத்தினரைக் கொல்வது, கைதிகளைக் கொல்வது, சிறுவர்களைப் படையில் சேர்ப்பது ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நிறுத்தும் துணிவு இல்லாத நிபந்தனைக்குப் பொருளில்லை, ஆகவே நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

ஆயுதம் வேண்டாம், அகதிகளுக்குச் சோறும் மருந்தும் மட்டும் போதும் என்று முடிவு செய்கிறவர்களும் ஒரு விவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாகிஸ்தானுக்கு வந்து சேர்ந்த முப்பது லட்சம் அளவிலான ஆப்கான் அகதிகளில் பலர், உணவுப் பங்கீடு பெறுவதற்கே பெஷாவரின் ஏழு கட்சிகளில் ஒன்றில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. கோதுமை மூட்டை வாங்கப் போன குடும்பம் ஏதோ ஒரு தலைவரின் ஆதரவாளர் கணக்கில் சேர்ந்தது, அந்தக் கணக்கைக் காட்டி அந்தத் தலைவர் மேலும் உதவி பெற்றார். ஆகவே நிவாரணப் பொருளுக்கும் அதே கேள்விகளைக் கேளுங்கள்: முகாமில் பெயர்ப் பட்டியலை எழுதுகிறவர் யார், கட்சி அட்டை இல்லாமல் வரும் ஒரு தாய்க்கு அங்கே அரிசி அளக்கப்படுமா?