கணுக்கால் முறிந்தால்: மலையகக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கணுக்கால் முறிவுகளில் பெரும்பகுதி, பாதம் ஓரிடத்தில் சிக்கி நிற்க உடம்பு மட்டும் திரும்பிவிடும் திருகலால் நேர்பவை. இலங்கை மலையகத்தின் தேயிலை மலையில் இதற்கு இடம் தேட வேண்டியதில்லை. முதுகில் கூடை கனக்க, இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து காலோடு ஒட்ட, சரிவில் இறங்கும்போது ஒரு கால் கானுக்குள்ளோ (வடிகால்) இரண்டு தேயிலைத் தூர்களுக்கு இடையிலோ மாட்டிக்கொண்டால் போதும். லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், படிகளில் பாசி பிடித்திருக்கும் மழைக்காலத்தில் வீட்டு வாசலிலேயே இது நடக்கிறது.

கணைக்காலின் உள்ளெலும்பும் வெளியெலும்பும் கீழ்முனையில் இருபுறமும் மொளிகளாகப் புடைத்து இறங்கி, தாலஸ் எனப்படும் பாத எலும்பை இடுக்கிபோல் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடி எவ்வளவு நுட்பமானது என்பதை ராம்சே, ஹாமில்டன் ஆகியோர் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டியது: தாலஸ் வெளிப்புறமாக 1 மில்லிமீற்றர் விலகினாலே மூட்டில் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்தது. ஆகவே எத்தனை இடத்தில் முறிந்தது என்பதைவிட, இந்தப் பிடி நிலைத்திருக்கிறதா என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. வெளிமொளி மட்டும் முறிந்து, தாலஸ் தன் இடத்திலேயே இருந்தால் அது பெரும்பாலும் உறுதியான முறிவு. இருபுறமும் முறிந்திருந்தாலோ, வெளியெலும்பு முறிந்ததோடு உட்புறத் தசைநாரும் கிழிந்திருந்தாலோ மூட்டு நழுவக்கூடும்.

"நடக்க முடிகிறதே, அப்போ முறியவில்லை" என்ற பேச்சு தோட்டங்களில் வழக்கம். அது தவறு; உறுதியான முறிவோடு நொண்டிக்கொண்டே மலைக்குப் போனவர்கள் உண்டு. கனடாவில் உருவாகி 1992இல் வெளிவந்த ஒட்டாவா விதிகள் இதற்கு நல்ல அளவுகோல். மொளியின் நுனியிலிருந்து மேல்நோக்கி 6 சென்றிமீற்றர் வரை, ஏறக்குறைய மூன்று விரலகலத்துக்குச் சற்று அதிகமாக, எலும்பின் பின்விளிம்பைப் பெருவிரலால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். முன்பக்கத்து வீக்கத்தை அழுத்தினால் சுளுக்கும் வலிக்கும் என்பதால் அது எதையும் சொல்லாது. உள்மொளியிலோ வெளிமொளியிலோ இவ்வாறு எலும்பு வலித்தால், அல்லது விழுந்த உடனேயும் பரிசோதிக்கும்போதும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டால், எக்ஸ்ரே அவசியம். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள், மது அருந்தியவர்கள், சிறு பிள்ளைகள் ஆகியோரிடம் இந்தச் சோதனையை நம்பாமல் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே நல்லது.

விழுந்தவரை எழுப்பி நடக்கவைத்துப் பார்க்க வேண்டாம். வீக்கம் ஏறுவதற்கு முன் செருப்பு, கொலுசு, மெட்டி ஆகியவற்றைக் கழற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து மெட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தலையணையையோ நன்றாக மடித்த கம்பளியையோ கால், பாதம் இரண்டையும் அணைத்தபடி சுற்றி, முழங்காலுக்குக் கீழே தொடங்கித் துணிப்பட்டிகளால் கட்டுங்கள். விரல்கள் வெளியே தெரிய வேண்டும், ஏனெனில் அவற்றின் நிறம், சூடு, உணர்வு ஆகியவற்றை வழிநெடுகப் பார்க்க வேண்டியிருக்கும். ஐஸ் இல்லாத வீட்டில், பீலியில் (மலை ஊற்றுக் குழாய்) விழும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை 15 முதல் 20 நிமிடம் வைத்தெடுக்கலாம். மலைநாட்டுத் தண்ணீருக்கு அந்தக் குளிர்ச்சி உண்டு. தைலம் தேய்ப்பதும் சுடுதண்ணீர் ஒத்தடமும் வீக்கத்தைக் கூட்டும். எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்திருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். ஆறுதலுக்காகச் சீனி போட்ட தேத்தண்ணி கொடுப்பதையும் தவிருங்கள், ஏனெனில் மயக்கமருந்து கொடுத்து மூட்டை நேராக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

வண்டி வரும் பாதைவரை நாற்காலியில் வைத்தோ, கம்பளியின் நான்கு முனைகளையும் பிடித்தோ தூக்கிச் செல்லலாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பாதம் ஒருபக்கம் கோணியிருந்தாலோ, விரல்கள் வெளிறிக் குளிர்ந்திருந்தாலோ, தோல் எலும்பின்மேல் வெள்ளையாக இழுபட்டிருந்தாலோ ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்கக் கூடாது.

முறிவு, நெரிவு வைத்தியர்களிடம் மலையகத்தில் நெடுநாள் நம்பிக்கை உண்டு, அதைப் பழிப்பது இங்கு நோக்கமன்று. ஆனால் ஒரு மில்லிமீற்றர் விலகலை எந்தக் கையாலும் தடவி அறிய முடியாது. எண்ணெய் தடவி இழுத்தால் நழுவாத முறிவும் நழுவலாம். இறுக்கிய மூங்கில் பத்தை இரத்த ஓட்டத்தைத் தடுக்கலாம். எக்ஸ்ரேக்கு முன் யாரும் காலை இழுக்க இடமளிக்காதீர்கள்.

தோட்ட டிஸ்பென்சரியில் காலைக் கட்டி வலிமாத்திரை கொடுப்பார்கள். எக்ஸ்ரேயும் எலும்பு மருத்துவரும் வேண்டுமானால் நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய அரசாங்க வைத்தியசாலைகளுக்குத்தான் போக வேண்டும். அங்கே சிகிச்சை இலவசம். உறுதியான முறிவுக்குப் பிளாஸ்டரோ பூட்ஸ் போன்ற காப்புறையோ ஏறக்குறைய 6 வாரங்களுக்குப் போதும். நழுவிய முறிவுக்குத் தகடும் திருகாணியும் வைத்துச் சத்திரசிகிச்சை செய்வார்கள். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் தெரியும்வரை, சிலவேளை ஒரு வாரத்துக்கும் மேலாக, சத்திரசிகிச்சையைத் தள்ளிவைப்பார்கள். "வார்டில் சும்மா போட்டிருக்கிறார்கள்" என்று கோபித்து வீட்டுக்குக் கூட்டிவருபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வீங்கிய தோலில் கத்தி வைத்தால் காயம் ஆறாமல் கிருமி சேரும். சீனி வருத்தத்தையும் (நீரிழிவு) புகைக்கும் பழக்கத்தையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், இரண்டும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துபவை.

உண்மையான சோதனை லயத்துக்குத் திரும்பிய பிறகுதான். கழிவறை வெளியே, இடையில் படிகள், தரை ஈரம். படுக்கையை வாசலுக்கு அருகில் மாற்றுங்கள். நடுவில் ஓட்டையிட்ட பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு வாளியும் இருந்தால் இரவில் வெளியே போக வேண்டியதில்லை. ஊன்றுகோலின் மேற்பட்டை அக்குளுக்கு இரண்டு, மூன்று விரலகலம் கீழே நிற்க வேண்டும்; உடம்பின் பாரம் உள்ளங்கைகளில்தான், அக்குளில் தாங்கினால் நரம்பு அழுந்திக் கை மரக்கும். அடிநுனி ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் முறிந்த காலும் முதலில். காலை ஊன்றவே கூடாதென்று சொல்லப்பட்டவர், வழுக்கும் படிகளில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்ற நேரமெல்லாம் கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்கட்டும், விரல்களை அடிக்கடி அசைக்கட்டும்.

காலை உயர்த்தி வைத்தும் மாத்திரை போட்டும் வலி கூடிக்கொண்டே போனால், விரல்கள் நீலமாகவோ மரத்தோ இருந்தால், பிளாஸ்டருக்குள்ளிருந்து நாற்றமோ ஈரமோ வந்தால், கெண்டைச் சதை வீங்கி வலித்தால், திடீரென மூச்சுத் திணறினால், கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. கடைசி இரண்டும் இரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

மூன்றாவது வாரமளவில் வலி அடங்கிவிடும். எலும்பு அப்போது கூடியிருக்காது. பெயர் விழாத, அதாவது வேலைக்கு வந்ததாகப் பதிவாகாத, நாட்களின் சம்பள இழப்பு உறுத்தும்போது, பிளாஸ்டரோடு மலையேற நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். வேலை நேரத்தில் விழுந்திருந்தால் அன்றே வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வேலையில் ஏற்படும் காயங்களுக்கு நட்டஈடு கோர 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இடமளிக்கிறது, அதற்கு வைத்தியசாலைத் துண்டுகள் அனைத்தும் தேவைப்படும். பிளாஸ்டர் கழற்றிய பின், பாதத்தை மேலும் கீழுமாக அசைப்பதிலும் கதவைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பதிலும் தொடங்கி, மருத்துவர் அனுமதித்த அளவில் பாரத்தைக் கூட்டுங்கள். மாலையில் வரும் வீக்கம் பல மாதங்கள் நீடிக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். வேலைக்குத் திரும்பும்போது முதலில் சமதரை வேலை கேளுங்கள், செங்குத்தான மலையும் கூடைப் பாரமும் கடைசியாக வரட்டும்.