தரங்கம்பாடிக் கரை வரலாறு: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையின் வரலாற்றை யார் எழுதத் தொடங்கினாலும் இரண்டாம் வரியிலேயே ‘முதல்’ என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தியாவின் முதல் அச்சகம், தமிழின் முதல் அச்சு நூல், நாட்டின் முதல் சீர்திருத்தத் (புராட்டஸ்டன்ட்) தேவாலயம் என்று மூன்று பெருமைகளைத் தரங்கம்பாடிக்கு எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இதை எழுதுபவனும் ஒரு காலத்தில் அப்படியே நம்பியவன்தான். மூன்றும் பிழை. கோவாவில் 1556இலேயே அச்சுப்பொறி வந்திறங்கிவிட்டது. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் தாங்கிய சிறு நூல் ஒன்று லிஸ்பனில் 1554இல் அச்சானது. தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியாரின் உழைப்பால் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. தரங்கம்பாடி அச்சகத்தோடு பெயர் இணைந்த பாதிரியார் சீகன்பால்கு பிறந்ததே அதற்கு நூறாண்டு கழித்து, 1682இல்.

‘முதல்’ என்ற பெருமையைச் சற்றுக் குறுக்கிச் சொன்னால் அது அசையாமல் நிற்கும். இந்திய மொழிகள் எதிலும் முதன்முதலாக அச்சான புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1714, 1715ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது என்பதே சரியான செய்தி. அதன் பின்னால் நடந்த கைவேலையையும் விரிவாக எழுதலாம். அச்சுப்பொறி லண்டனிலிருந்து வந்தது; தமிழ் எழுத்துருக்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்து சேர்ந்தன. ஆனால் அந்த எழுத்துகள் பெருத்து இருந்தன. ஒரு பக்கத்தில் சில வரிகளுக்குமேல் அடங்காமல் காகிதத்தை விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறையை உருக்கி அந்த எழுத்துகளை வார்த்தார்கள் என்றொரு செய்தியும் உண்டு. அருகிலுள்ள பொறையாறில் காகித ஆலையும் எழுந்தது. ‘முதல்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு நகர்பவர் இவற்றையெல்லாம் இழந்துவிடுகிறார்.

இதையொட்டி வரும் இன்னொரு தவறு, சீகன்பால்கு ‘பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தார்’ என்று முழுமையாகச் சொல்லிவிடுவது. புதிய ஏற்பாட்டை அவர் முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் என்ற புத்தகம் வரையில்தான் வந்திருந்தார். 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில், அவர் இறந்தார். எஞ்சிய பகுதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த பெஞ்சமின் சூல்ட்ஸ்.

தேவாலயங்களைப் பற்றி எழுதுமுன் ராஜவீதியில் நின்று இரண்டையும் பார்ப்பது நல்லது. சீயோன் ஆலயம் 1701இல், ஊரை அப்போது ஆண்ட டென்மார்க்கின் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஐரோப்பியர்களின் வழிபாட்டுக்காக எழுந்தது. புது எருசலேம் ஆலயம் 1718இல் தமிழ்ச் சபைக்காகக் கட்டப்பட்டது. முகப்பில் மகுடமும், அதன் கீழே பின்னிய எழுத்துகளும், 1718 என்ற ஆண்டும் இருக்கின்றன. அந்த எழுத்துகள் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் முத்திரை. சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் இந்த ஆலயத்துக்குள்தான். ஒன்றின் ஆண்டை மற்றொன்றுக்குப் பொருத்தி எழுதுவோர் பலர். சென்னைக் கோட்டையில் உள்ள புனித மேரி ஆலயம் 1680இலேயே திறக்கப்பட்டுவிட்டது என்பதால், ‘முதல்’ பட்டம் இரண்டுக்குமே பொருந்தாது.

மன்னர் முத்திரையைப் பார்த்ததும் சீகன்பால்குவை டென்மார்க்காரர் என்று எழுதிவிடுவதும் உண்டு. அவர் சாக்சனியைச் சேர்ந்த புல்ஸ்நிட்ஸ் என்ற ஊரில் பிறந்த ஜெர்மானியர். உடன் வந்த புளூட்சோவும் ஜெர்மானியரே. மன்னர் அனுப்பினார், கம்பெனி இடமளித்தது, மிஷன் நடந்தது என்று மூவரையும் ஒரே கூட்டமாக்கிவிடக் கூடாது. மன்னரின் ஆணையோடு 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய இவர்களைக் கம்பெனியின் கோட்டைத் தலைவர் ஹாசியஸ் சிறிதும் விரும்பவில்லை. 1708இன் இறுதியில் சீகன்பால்குவைக் கோட்டைக்குள் நான்கு மாதம் சிறை வைத்தவரும் அவரே.

கோட்டையின் தொடக்கக் கதையிலும் ஒருவரை மட்டும் நாயகனாக்கும் பழக்கம் இருக்கிறது. தரங்கம்பாடியை ‘நிறுவியவர்’ என்று சொல்லப்படும் ஓவ் ஜெட்டி, கண்டி மன்னரோடு உடன்பாடு செய்து இலங்கையில் காலூன்றவே டென்மார்க்கிலிருந்து அனுப்பப்பட்டார். அங்கே காரியம் கூடிவராத நிலையில்தான் சோழ மண்டலக் கரை அவர் கணக்கில் வந்தது. அவருக்கு முன்பே வந்த ரோலண்ட் கிராப்பே என்ற டச்சுக்காரர், தம் கப்பலைப் போர்த்துக்கீசியர் தாக்கி அழித்த பின் கரையேறித் தஞ்சை அரசவையை அடைந்திருந்தார். ரகுநாத நாயக்கருடன் 1620 நவம்பரில் ஏற்பட்ட உடன்படிக்கைக்கு வழி திறந்தது அவர் இருப்பு. ஜெட்டி சில மாதங்களில் கப்பலேறிவிட, ஊரைப் பல ஆண்டுகள் நடத்தியவர் கிராப்பேதான். பிற்காலத்தில் டென்மார்க்கிலிருந்து கப்பலே வராமல் போனபோது, எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற ஒற்றை மனிதர் உள்ளூர் மக்களின் துணையோடு 1655 முதல் 1669 வரை கோட்டையைக் காத்தார். பிரபுக் குடியில் பிறக்காத இந்த மனிதருக்கு நம் கட்டுரைகளில் அரை வரி கிடைப்பதே அரிது.

ஆவணங்களைக் கையில் எடுப்பவர்களைக் கவிழ்க்கும் சொல் ‘மலபார்’. அக்கால ஐரோப்பியர் தமிழையும் தமிழரையும் ‘மலபாரி’ என்றே பெரும்பாலும் குறித்தனர்; ‘தம்பிரான் வணக்க’த்தின் போர்த்துக்கீசிய முகப்பே ‘மலவார் தமுல்’ மொழி என்கிறது. ஹாலேயில் அச்சான ‘மலபாரிக் கடிதங்கள்’ கேரளத்தைப் பற்றியவை என்று எண்ணி ஒதுக்கியவர்கள், இந்தக் கரையின் தமிழர் எழுதிய கடிதங்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பையே ஒதுக்கியிருக்கிறார்கள். எதிர்ப்புறத் தவறும் உண்டு: அவற்றைத் தமிழரின் தடையற்ற குரலாகக் கொள்வது. பாதிரிமார் கேட்ட கேள்விகளுக்கு எழுதிய விடைகள் அவை. அவர்களே மொழிபெயர்த்து, ஐரோப்பாவில் நன்கொடை தருவோர் படிப்பதற்காக அனுப்பியவை.

தேதிகளிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. டென்மார்க் 1700 பிப்ரவரி வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. போர்த்துக்கீசியரோ 1582இலேயே இன்று வழக்கிலுள்ள கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டனர். எனவே 17ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்துப் போர்த்துக்கீசியரும் தரங்கம்பாடி டேனியரும் ஒரே நாளில் எழுதிய கடிதங்களில் பத்து நாள் வேறுபாடு இருக்கும். இதை அறியாமல் எந்தச் செய்தி முந்தியது என்று தீர்ப்புச் சொல்வது பெரும்பிழையில் முடியும்.

ஊர்ப்பெயருக்கு ‘பாடும் அலைகளின் ஊர்’ என்று பொருள் சொல்வது சுற்றுலாப் பலகைகளுக்குப் பொருத்தம். பாடி என்பதற்கு ஊர், குடியிருப்பு என்பதே இங்கே பொருள். வாணியம்பாடியில் யாரும் பாடவில்லை. மாசிலாமணிநாதர் கோயிலின் பாண்டியர் காலக் கல்வெட்டில் இவ்வூர் ‘சடங்கன்பாடி’ என்றும் ‘குலசேகரன்பட்டினம்’ என்றும் வருகிறது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு வணிகப் பட்டினம் இருந்ததற்குச் சான்று அந்தக் கல்.

மாவட்டப் பெயரைப் பின்னோக்கி ஒட்டுவதும் கூடாது. 1845இல் டேனியர் தரங்கம்பாடி, வங்கத்துச் செராம்பூர் உள்ளிட்ட இடங்களைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார்கள். அதன் பிறகு ஊர் தஞ்சாவூர் மாவட்டத்திலும், 1991 முதல் நாகப்பட்டினம் மாவட்டத்திலும், 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்திலும் இருக்கிறது. பழைய பதிவுகளைத் தேடுவோர் மாயவரம் (மயிலாடுதுறை), சியாளி (சீர்காழி), டிராங்குபார் (தரங்கம்பாடி) என்ற பெயர்களில் தேட வேண்டும்.

இரண்டு வேதநாயகர்களைக் குழப்புவது தனி ரகம். தஞ்சையின் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பிறந்தவர், சீர்திருத்தச் சபையினர், ‘பெத்லகேம் குறவஞ்சி’யின் ஆசிரியர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826இல் பிறந்தவர், கத்தோலிக்கர், தரங்கம்பாடியிலும் மாயவரத்திலும் முன்சீப்பாக இருந்தவர், ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர். இருவரும் கிறிஸ்தவர், இருவரும் பாட்டெழுதியவர் என்பதற்குமேல் ஒற்றுமை இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, முன்னோடிகளின் பட்டியலில் ஐரோப்பியரை மட்டும் நிறுத்துவது. சீகன்பால்கு தமிழ் படித்தது எழுபது வயது வாத்தியார் ஒருவரின் பள்ளியில், பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி. போர்த்துக்கீசும் டேனிஷும் அறிந்த அழகப்பன் அவருக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் சொன்னார். பின்னர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். மலபாரிக் கடிதங்களில் பலவற்றை எழுதியவர் அவராக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. கடலூரைச் சேர்ந்த ஆரோன் 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்று, சீர்திருத்தச் சபைக் குருவான முதல் இந்தியரானார். இங்கே ‘முதல்’ என்ற சொல்லைத் தயங்காமல் எழுதலாம். சீகன்பால்கு தமிழ் படித்த அந்த முதிய வாத்தியாரின் மகன் கணபதி வாத்தியார், புலவர். 1709இல் கிறிஸ்தவரானபோது சொந்த வீட்டாரின் எதிர்ப்பையே தாங்க வேண்டியிருந்தது.