பல்பு துடிக்கிறதா? முதலில் சென்சாரைப் பாருங்கள்

சனிக்கிழமை மாலைகளில் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு முன்கூடத்தில் படிவம் 4 பிள்ளைகள் சிலர் சர்க்யூட் கட்டுவார்கள். போன மாதம் ஒரு மாணவி கட்டிய பக் கன்வெர்ட்டரில் (அதிக வோல்ட்டைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) பல்பு விட்டுவிட்டு எரிந்தது. மூன்று மணி நேரம் புரோகிராமில் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தோம். கோளாறு இருந்ததோ சென்சார் பக்கம் போட்ட ஒரே ஒரு கெப்பாசிட்டரில். உங்களுக்கும் அந்த மூன்று மணி நேரம் வீணாகக் கூடாது.

எங்கள் அமைப்பு இதுதான்: 12 வோல்ட் மோட்டார் சைக்கிள் பேட்டரி, 31 கிலோஹெர்ட்ஸில் ஓடும் மோஸ்ஃபெட் (வினாடிக்கு 31,000 முறை ஆன், ஆஃப் ஆகும் சுவிட்ச்), அதை இயக்கும் கன்ட்ரோலராக ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன புரோகிராம் போர்டு, ஒரு சிக்னல் பல்பு. வெளியே 5 வோல்ட் வேண்டும். இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் அதைப் பாதியாக்கி ஆர்டுயினோவுக்குக் காட்டும். அதுதான் நம் சென்சார்.

படி 1: அளவுகோலைச் சரிபாருங்கள். ஆர்டுயினோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்து அளக்கிறது. ஆனால் அந்த 5 வோல்ட் யூஎஸ்பி கேபிளிலிருந்து வருவது. கேபிள் மட்டமாக இருந்து 4.75 தான் வந்தால், அளவுகோலே சுருங்கிவிடும். திரையில் 5.00 என்று காட்டும். பல்பில் மல்டிமீட்டர் வைத்தால் 4.75 இருக்கும். எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் இது திருந்தாது, ஏனென்றால் கன்ட்ரோலருக்குத் தவறு நடப்பதே தெரியாது. போர்டின் 5 வோல்ட் பின்னை மல்டிமீட்டரில் அளந்து, அந்த எண்ணைப் புரோகிராமில் போடுங்கள்.

படி 2: சராசரி எடுங்கள். மோஸ்ஃபெட் ஒருமுறை ஆன், ஆஃப் ஆகும் ஒரு சுற்று 32 மைக்ரோ வினாடி. ஊனோ ஒருமுறை அளக்க 100 மைக்ரோ வினாடிக்கு மேல் ஆகும். அதனால் ஒவ்வோர் அளவும் சுற்றின் வேறு வேறு இடத்தில் விழுந்து, எண் சற்று ஏறி இறங்கும். எட்டு அளவு எடுத்துக் கூட்டி எட்டால் வகுத்தால் போதும்.

படி 3: கெப்பாசிட்டரைக் குறையுங்கள். எங்களைப் படுத்தியது இதுதான். அளவு ஆடாமல் இருக்கட்டும் என்று அந்த மாணவி கீழ் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் போட்டிருந்தாள். கெப்பாசிட்டருக்கு இரண்டு ரெசிஸ்டரும் பக்க இணைப்பாகத் தெரிவதால், சேர்ந்து 5 கிலோ ஓம். அதை 10 மைக்ரோஃபாரடால் பெருக்கினால் 50 மில்லி வினாடி, அதுதான் சென்சாரின் தாமதம். கன்ட்ரோலர் 2 மில்லி வினாடிக்கு ஒருமுறை முடிவெடுக்கிறது. சென்சார் மாற்றத்தில் 63 விழுக்காட்டைச் சொல்லி முடிப்பதற்குள் கன்ட்ரோலர் 25 முறை டியூட்டியை (ஒரு சுற்றில் மோஸ்ஃபெட் ஆன் ஆக இருக்கும் நேரத்தின் பங்கு) ஏற்றிவிடும். மேல்தொட்டியில் நிற்பவன் "போதும்" என்று கத்துவது கீழே பைப் மூடுபவனுக்குத் தாமதமாகக் கேட்டால் தண்ணீர் வழியத்தானே செய்யும்? 100 நானோஃபாரடுக்கு மாற்றினோம், அதாவது 0.5 மில்லி வினாடி. பல்பு அப்படியே நின்று எரிந்தது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

படி 4: கரண்ட் சென்சார் இருந்தால். 5 ஆம்பியர் ஏசிஎஸ்712 ஓர் ஆம்பியருக்கு 185 மில்லிவோல்ட் தான் தரும். ஊனோவின் 1024 படிகளில் ஒன்று 26 மில்லி ஆம்பியருக்குச் சமம். ஒரு சின்ன எல்இடி எடுக்கும் கரண்ட் இதில் தெரியாது. காந்தப்புலத்தை உணர்வது என்பதால் கன்வெர்ட்டரின் காயிலை (கம்பிச் சுருள்) விட்டுத் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு முறையும் கரண்ட் ஓடாதபோது வரும் அளவைச் சுழியமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: வயரைப் பிடுங்கிப் பாருங்கள். இந்தச் சோதனையின்போது வெளியே பல்பு மட்டும் இருக்கட்டும், சார்ஜ் செய்யக் கைப்பேசி வேண்டவே வேண்டாம். மேல் ரெசிஸ்டரின் வயர் கழன்றால் சென்சார் சுழியம் என்று சொல்லும். கன்ட்ரோலர் அதை நம்பி டியூட்டியை உச்சத்துக்குத் தள்ளும். 12 வோல்ட் அப்படியே வெளியே வரும். ஆகவே டியூட்டிக்கு 55 விழுக்காடு என்று வரம்பு போடுங்கள். அப்புறம், டியூட்டி 30 விழுக்காட்டைத் தாண்டியும் அளவு 1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மோஸ்ஃபெட்டை அணைக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டு வரியும் புரோகிராமில் ஏறாமல் நான் எந்தப் பிள்ளையையும் கைப்பேசியைச் செருக விடுவதில்லை.